கடல் இருக்கும் பக்கம்

“பின்வரிசைக்கு ஒரு ஆள் வேணும், ஆசானே” என்றார் வியாகுலம்.

“கேள்வி கேக்க வந்தியளா, முடிவைச் சொல்ல வந்தியளா?” என்று கேட்டார் ஆசான்.

வியாகுலம் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அது வெள்ளந்துறைக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் பட்டியல். வெள்ளந்துறை கடற்கரை ஊர். அந்த வருடம்தான் அதன் அணி மாவட்டப் போட்டியில் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியிருந்தது. வியாகுலம் அதன் பயிற்சியாளர். பட்டியலைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நகரத்தில் உள்ள சங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அந்த வருடம் முழுக்க யாரையும் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. அன்று செவ்வாய்க்கிழமை.

பட்டியலில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. ரெக்சன். பின்வரிசையில் இடது பக்கம் நிற்பவன். அடித்த பெயருக்கு மேலே கல்லடிவிளைக்காரன் ஒருவனின் பெயர் எழுதியிருந்தது.

ஆசானுக்கு வயது நாற்பத்துநான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வியாகுலத்துக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பனவிளையில் அடிமுறைச் சண்டைக்கலை சொல்லிக்கொடுக்கும் ஆசான் ஒருவர் வர்ம வைத்தியமும் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு வந்தார். ஆசான் எண்ணெய் தடவி, நாற்பத்தொரு நாள் தன் பயிற்சிக்கூடமான களரியில் சுவடு என்ற அடிவைப்பு முறையில் நடக்கச் சொன்னார். கால் சரியான பிறகும் வியாகுலம் வருவதை நிறுத்தவில்லை. களரிக்குள் வந்ததும் ஆசானின் காலைத் தொட்டு வணங்குவார். ஆசான் அவரை அண்ணே என்று கூப்பிடுவார். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

முதல் பிரிவு அணிகளோடு இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடியதை வியாகுலம் சொன்னார். இரண்டிலும் தோல்வி. வாங்கிய கோல் ஒன்பது. அதில் ஏழு இடது பக்கமாக வந்தவை. இப்படியே போனால் ஏறிய வேகத்தில் இறங்க வேண்டியதுதான் என்றார். முப்பத்தொரு வருடம் காத்திருந்து ஏறியது, இறங்க மாட்டேன் என்றார்.

“அந்தப் பையன் ஓட மாட்டானா?” என்று கேட்டார் ஆசான்.

“ஓடுவான்.”

“பயந்தவனா?”

“சுறாவுக்கே பயப்பட மாட்டான்.”

“பின்னே என்ன?”

“லாசர் மகன்” என்றார் வியாகுலம்.

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல நிறுத்திக்கொண்டார். ஆசானுக்கு அந்தக் கதை தெரியும். பன்னிரண்டு வருடத்தில் பலமுறை கேட்டிருக்கிறார். இருந்தும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னும் வெள்ளந்துறை முதல் பிரிவுக்கு ஏற வேண்டியது. கடைசி ஆட்டம். கல்லடிவிளையோடு. ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால்கூடப் போதும், ஏறிவிடலாம். வியாகுலம் பின்வரிசையில் வலது பக்கம், லாசர் இடது பக்கம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். பந்து லாசர் காலில் இருந்தது. கோலுக்கு நேர் முன்னால் லாசர் அதை வைத்துக்கொண்டு தடுமாறினான். கல்லடிவிளைக்காரன் பறித்தான். கோல்.

ஊரில் பலர் அந்த ஆட்டத்தை மறந்துவிட்டார்கள். மறப்பதற்கு ஒரு வேலையும் செய்ய வேண்டாம். நினைவில் வைத்திருப்பதுதான் உழைப்பு. வியாகுலம் அந்த உழைப்பை ஒரு நாளும் விட்டதில்லை. லாசர் வீட்டு வழியாகப் போனால் மாதா கோயில் சீக்கிரம் வந்துவிடும். அவர் ஐஸ் கம்பெனியைச் சுற்றிப் போவார். லாசரின் மனைவி இறந்தபோது கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்தார். மண் போடும் முன் திரும்பிவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் லாசரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

“மகனை மட்டும் எப்படிச் சேத்திய?” என்று கேட்டார் ஆசான்.

“ஊர்க் கமிட்டி சேத்தது. இப்ப பட்டியல் எழுதுகது நான்.”

“கல்லடிவிளைக்காரன் நல்ல ஆட்டக்காரனா?”

“அதில சந்தேகமே இல்ல.”

“எங்க பயிற்சி எடுப்பான்?”

“எங்க கூடத்தான். கரையில.”

போன வருடமும் வெளியூரிலிருந்து ஒருவனைப் பின்வரிசைக்குக் கொண்டுவந்ததை வியாகுலம் ஒப்புக்கொண்டார். வந்தபோது மிக நன்றாக ஆடினான். மூன்று மாதத்தில் அவனும் ரெக்சனைப் போலவே ஆடத் தொடங்கிவிட்டான். ரெக்சன் பக்கத்தில் நின்றதால் தொற்றிவிட்டது என்பது வியாகுலத்தின் கணிப்பு.

ஆசான் அடுப்பிலிருந்த எண்ணெயைக் கிளறினார்.

“எனக்குப் பந்து தெரியாது” என்றார். “நாளைக்கு வந்து பாக்கேன்.”

புதன்கிழமை மாலை ஆசான் வெள்ளந்துறைக்கு வந்தார்.

அங்கே மைதானம் என்று தனியாக எதுவும் இல்லை. கரைதான் மைதானம். தெற்கே கடல், வடக்கே ஊர். கோல் கம்பம் கிழக்கே மட்டும் உண்டு. மேற்கே வள்ளங்களை ஏற்றி வைத்திருப்பதால் அங்கே கம்பம் நட இடமில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். முன்வரிசைக்காரர்கள் மேற்கிலிருந்து பந்தைக் கொண்டுவருவார்கள். பின்வரிசைக்காரர்கள் மேற்கு பார்த்து நின்று தடுப்பார்கள். அவர்களுக்குக் கடல் எப்போதும் இடது கைப் பக்கம், ஊர் எப்போதும் வலது கைப் பக்கம்.

ஆசான் மணலில் உட்கார்ந்தார். பந்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார்.

கொஞ்சம் தள்ளி, ஒரு வள்ளத்தின் நிழலில் நரைத்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதுதான் லாசர் என்று ஆசான் தானாகவே தெரிந்துகொண்டார். வியாகுலம் நாலு திசையும் திரும்பினார், அந்தத் திசையைத் தவிர.

பாதி ஆட்டத்தில் முன்வரிசைக்காரன் ஒருவன் பலமாக உதைத்தான். பந்து கடலில் விழுந்தது. ஆட்டம் நின்றது. உதைத்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மற்றவர்கள் எல்லோரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“போலே மக்கா, போ. வரும்போது குழம்புக்கு ரெண்டு சாளை கொண்டு வா” என்று ஒருவன் சொன்னான்.

பந்தைக் கடலில் போட்டவன்தான் நீந்திப் போய் எடுக்க வேண்டும் என்பது வெள்ளந்துறை வழக்கம் என்று வியாகுலம் விளக்கினார். அவன் எடுத்து வரும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அன்று முழுக்க அவனைக் கேலி செய்வார்கள். மறுநாள் அவன் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்கும்.

“பின்வரிசைக்காரன் எவனாவது போடுவானா?” என்று கேட்டார் ஆசான்.

“ஒருத்தனும் போட மாட்டான்.” வியாகுலத்தின் குரலில் பெருமை இருந்தது. “இந்த வருஷம் ஒரு தடவகூட விழல. நான் பழக்கினது.”

“உங்கள யாரு பழக்கினது?”

“எனக்கு முந்தின கோச். அவரும் கடல்ல விட மாட்டாரு.”

ஆசான் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை நகரத்துப் புல் மைதானத்தில் மூன்றாவது பயிற்சி ஆட்டம். ஆசான் அதற்கும் வந்தார். வெள்ளந்துறை மூன்று கோல் வாங்கியது. ஒன்றும் போடவில்லை.

மூன்றும் ஒரே மாதிரி நடந்தன. பந்து இடது கோட்டோரம் வரும். பின்வரிசைக்காரன் அதை முதலில் எட்டிப்பிடிப்பான். எதிரி துரத்தி வருவான். பின்வரிசைக்காரன் பந்தோடு உள்பக்கம் திரும்புவான், தன் கோலுக்கு முன்னால். அங்கே இன்னொரு எதிரி காத்திருப்பான்.

திரும்பும் வழியில் பேருந்தில் வியாகுலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பட்டியலை நாளைக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

“மூணாவது கோல் யாரு கால்ல இருந்து போச்சு?” என்று கேட்டார் ஆசான்.

“ரெக்சன்.”

“தலையில துணி கட்டின ஒருத்தன்லா? நெட்டையா.”

வியாகுலம் கொஞ்சம் யோசித்தார். “அது சூசை” என்றார். பிறகு, “சூசைக்கு உதவிக்கு ரெக்சன் வரல” என்றார்.

ஆசான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். இறங்கும் இடம் வந்ததும் எழுந்தார்.

“நாளைக் காலையில களரிக்கு வாங்க. வெறும் வயித்தோட” என்றார். “அதுவரை தாள் பையிலேயே இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை வியாகுலம் களரிக்கு வந்தபோது வேறு யாரும் இல்லை. செம்மண் தரை ஈரமாக இருந்தது. ஆசான் தரையின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு வலது பக்கம் வியாகுலத்தை மேற்கு பார்த்து நிற்கச் சொன்னார். ஒரு தேங்காய்நார்ப் பந்தை அவர் காலடியில் போட்டார். கையில் கம்பை எடுத்துக்கொண்டார்.

“நான் வருவேன். பந்து என் கம்புல படக்கூடாது. அவ்வளவுதான்” என்றார்.

“எங்க வேணும்னாலும் போலாமா?”

“எங்க வேணும்னாலும்.”

ஆசான் வலது பக்கமிருந்து வந்தார். வியாகுலம் பந்தைத் தட்டிக்கொண்டு இடது பக்கம் ஒதுங்கினார். கோட்டருகே வந்ததும் சட்டென்று உள்பக்கம் திரும்பினார். கம்பு பந்தில் பட்டது. திரும்பிய வேகத்தில் அவர் கெண்டைக்காலிலும் பட்டது.

“இன்னொரு தடவை” என்றார் ஆசான்.

இரண்டாம் முறை வியாகுலம் வேகமாக ஒதுங்கினார். கோடு வந்தது. திரும்பினார். அடி பட்டது.

மூன்றாம் முறை ஆசான் மெல்ல நடந்துதான் வந்தார். போதிய நேரம் இருந்தது. வியாகுலம் கோட்டருகே நின்றார், யோசித்தார், அப்புறமும் உள்பக்கமே திரும்பினார். இந்த முறை அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

ஏழாவது முறை முடிந்ததும் ஆசான் கம்பை ஊன்றி நின்றார்.

“அண்ணே, கோட்டத் தாண்டி ஒரு உதை விட்டிருந்தா பந்து கம்புக்குத் தப்பியிருக்கும். ஏன் விடல?”

வியாகுலம் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே செம்மண்தான். அதற்கப்பால் திறந்த வாசல். வாசலுக்கு வெளியே ஆசானின் மரவள்ளித் தோட்டம்.

“அந்தப் பக்கம்…” என்றார்.

“அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“கடல்” என்றார் வியாகுலம்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பனவிளையிலிருந்து கடல் பதினோரு மைல்.

ஆசான் அவரை உட்காரச் சொன்னார். தானும் எதிரே உட்கார்ந்தார். சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். வியாகுலம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ரெக்சன் திரும்பியதும், சூசை திரும்பியதும், போன வருடம் வந்த வெளியூர்க்காரன் மூன்று மாதத்தில் திரும்பப் பழகியதும் வரிசையாக அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். புல் மைதானத்தில் கோட்டுக்கு வெளியே ஓட்டப்பாதையும் ஒரு டீக்கடையும்தான் இருந்தன. அதில் பந்து விழுந்தால் என்ன குறைந்துவிடும்.

“இரண்டாம் பிரிவுல எதிரிக்கு இவ்வளவு வேகம் கிடையாது” என்றார் மெல்ல. “திரும்பினாலும் தப்பிச்சுக்கிட்டோம்.”

ஆசான் தலையாட்டினார்.

“அந்தப் பழைய கதையச் சொல்லுங்க” என்றார்.

“இப்பவா?”

“இப்ப.”

வியாகுலம் சொன்னார். கடைசி ஆட்டம். கல்லடிவிளை. ஒன்றுக்கு ஒன்று. இரண்டு நிமிடம். பந்து லாசர் காலில் இருந்தது.

“அதுக்கு முந்தி?”

“எதுக்கு முந்தி?”

“பன்னிரண்டு வருஷமா நீங்க கதைய லாசர் கால்ல இருந்துதான் தொடங்குதிய. அவரு கால்ல பந்து முளைக்காதே. அதுக்கு முந்தி யாரு கால்ல இருந்தது?”

வியாகுலம் காப்பியைக் கீழே வைத்தார்.

களரிக் கூரையில் ஒரு அணில் ஓடியது.

பிறகு வியாகுலம் சொன்னார். லாசர் முன்னே ஏறிப் போயிருந்தான். இடது பக்கம் காலியாகக் கிடந்தது. வலது பக்கத்திலிருந்து வியாகுலம் குறுக்கே ஓடி அங்கே போனார். பந்தை எட்டிப்பிடித்தார். கோடு இரண்டடி தூரத்தில். பின்னால் ஆள் துரத்தும் சத்தம். உள்ளே திரும்பினார். கோலுக்கு முன்னால் அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்த லாசரிடம் தள்ளிவிட்டார். லாசருக்குப் பின்னால் கல்லடிவிளைக்காரன் நின்றதை அவர் பார்த்திருந்தார்.

“பாத்தியளா?”

“பாத்தேன்.”

இந்தக் கதையை அவர் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சொன்னதில்லை.

வியாகுலம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பந்தக் கடல்ல போட பசங்களப் பழக்கணும்” என்றார். “நாளைக் காலையில தொடங்குகேன். முதல் ஆட்டத்துக்குப் பதினாறு நாள் இருக்கு.”

“போடுவானுங்களா? போட்டவன் எடுக்கணுமே.”

“நான் எடுக்கேன்.”

“உங்க முழங்கால் நான் பாத்த முழங்கால்.”

“நான் எடுக்கேன், ஆசானே” என்றார் வியாகுலம்.

சனிக்கிழமை காலை வெள்ளந்துறைக் கரையில் ஆட்டக்காரர்கள் கூடியபோது, அவர்களுடைய கோச் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

இனி பின்வரிசைக்காரன் எவனும் இடது பக்கத்தில் மாட்டிக்கொண்டால் உள்ளே திரும்பக் கூடாது, கடலில் உதைக்க வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். எடுத்துத் தருவது தன் பொறுப்பு. சிரிக்கிறவன் ஊரைச் சுற்றி ஐந்து முறை ஓட வேண்டும்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் உதைக்கவும் இல்லை. ரெக்சனிடம் பந்து வந்தது. அவன் கடலைப் பார்த்தான், கோச்சைப் பார்த்தான், உள்ளே திரும்பினான். சூசையும் திரும்பினான். மறுபடி ரெக்சன். மறுபடி சூசை. வியாகுலம் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைச் சொன்னார்: “கடல்ல.”

பதினாறாவது முறையோ பதினேழாவது முறையோ ரெக்சன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான்.

பந்து வியாகுலத்தின் தலைக்கு மேலே பறந்து வெகுதூரம் போய் விழுந்தது. அவர் அதை நோக்கிப் பாய்ந்தார். முழங்கால் மடங்கியது. அலை ஒன்று அவரைப் புரட்டிப் போட்டது. எழுந்தார். இன்னொரு அலை வந்தது. மறுபடி எழுந்தார். பந்து உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஓடி வந்தபோது, கரையிலேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

அப்போது வள்ளத்து நிழலில் இருந்த லாசர் எழுந்தார். தன் கட்டுமரத்தைத் தள்ளி இறக்கினார். நாலு துடுப்பு வீச்சில் அலையைத் தாண்டினார். பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வியாகுலம் நின்ற இடத்துக்குப் பத்தடி தூரத்தில் கட்டுமரத்திலிருந்து தண்ணீரில் இறங்கினார்.

இருவரும் நின்றார்கள்.

“அன்னைக்கு நான் தந்த பந்து சரியில்ல” என்றார் வியாகுலம்.

லாசர் பந்தில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தார்.

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சும் ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“கடைசியா என் கால்லதான இருந்தது.”

வியாகுலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒரு அலை வந்து அவர் வாயை நிறைத்தது. லாசர் எட்டி வந்து ஒரு கையால் பந்தையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டார்.

“நீரு கரைக்குப் போவும் வோய். உம்ம முட்டுக்கு இந்த அலை ஆகாது.”

“நீரும் சின்னப் பையன் இல்ல” என்றார் வியாகுலம். “ரெண்டு பேரும் நிப்போம்.”

லாசர் பந்தைக் கரைக்கு எறிந்தார். பிறகு இருபதடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அதன்பின் உதைகள் எளிதாக வந்தன. சூசை உதைத்தான். ரெக்சன் கண்ணைத் திறந்துகொண்டே உதைத்தான். வெயில் ஏறுவதற்குள் பந்து நாற்பது தடவை கடலில் விழுந்தது. நாற்பது தடவையும் இரண்டு பேரில் ஒருவர் எடுத்து எறிந்தார். ஒருமுறை பந்து வெகுதூரம் போனபோது ரெக்சன் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, “அப்பா, வரும்போது ரெண்டு சாளை” என்றான். கோச் அவனை ஊரைச் சுற்றி ஐந்து முறை ஓடவிட்டார். ஓடிவிட்டு வந்து அவன் மறுபடியும் கடலிலேயே உதைத்தான்.

அன்று பகல் இரண்டு மணிக்கு, நகரத்துக்குப் போகும் வழியில் வியாகுலம் பனவிளையில் இறங்கினார். தலைமுடி உப்பில் விறைத்திருந்தது. ஆசானின் காலைத் தொட்டுவிட்டு, பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அது பழைய தாள் அல்ல, புதிதாக எழுதியது. கல்லடிவிளைக்காரன் பெயர் அதில் இல்லை. இடது பக்கத்துக்கு நேரே ரெக்சன் பெயர் இருந்தது, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

ஆசான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வியாகுலம் கிளம்பவில்லை.

“ஆசானே, செவ்வாய்க்கிழமை நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. பின்வரிசைக்கு ஆள் வேணுமா, வேண்டாமா?”

“நாளையிலயிருந்து தண்ணியில யாரு நிப்பா?”

“லாசரு. தினமும் வாறேன்னு சொல்லியிருக்கான்.”

ஆசான் எண்ணெய்க் கலயத்தை மூடி வைத்தார்.

“நீங்க சொன்னது சரிதான், அண்ணே. ஆள் குறைவுதான்” என்றார். “முப்பத்தொரு வருஷமா பத்துப் பேர வச்சுத்தான் ஆடியிருக்கிய.”